ஒரு கீறலா, இரண்டு கீறலா

...ஒரு கீறல் என்றால் காய்கறி, இரண்டு கீறல் என்றால் ஆட்டிறைச்சி, அதில் சந்தேகமே இல்லை, காலையில் மனைவி மோகனாவிடமும் மகள் வர்ஷாவிடமும் சத்தமாகவே சொன்னோமே, சொன்னபோது வர்ஷாகூட, சூப்பர்ப்பா, சிஸ்டமெல்லாம் வச்சிருக்கீங்க என்று பாராட்டினாளே, சந்தேகமெல்லாம் இப்போதுதான் வருகிறது, ஓவனைத் திறந்து இரண்டு தட்டுகளையும் வெளியே எடுத்து மேசையில் வைத்த பிறகு, ஏனென்றால் பதினான்கு பையும் அழகாக உப்பியிருக்கின்றன, இவ்வளவு அழகாக அவை எப்போதுமே உப்பியதில்லை, அந்த உப்பலில்தான் வினை, மேல்மாவு பூரித்து வெடித்து, ஒரு கீறல் போட்டதெல்லாம் இரண்டாகப் பிளந்து, இரண்டு கீறல் போட்டதில் ஒன்று மூடிக்கொண்டு, இதோ இந்த ஓரத்தில் இருப்பதற்கு நாலு கீறல், நாலு கீறலுக்கு எந்தக் கணக்கில் என்ன இறைச்சி... கோவிந்தராசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணாடியில் குறை இல்லை. மணி மூன்று ஐந்து. நாலு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

அவர்கள் என்றால் தீவின் அந்தக் கோடியில் இருக்கும் தெம்பனிஸிலிருந்து ரத்னவேலும் அவர் மனைவி மங்களமும், மகன் அகிலனும், வர்ஷாவைப் பெண் கேட்டு முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள், பெண் கேட்பதென்ன, அவனும் இவளும் மூன்று வருஷமாகப் பேசி முடித்துவிட்டார்கள், பெரியவர்கள் வந்து தேநீர் குடித்துத் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி, அந்தத் தேநீரோடு ஏதாவது இரண்டு பலகாரம் கடையில் வாங்கி வைத்திருந்தால் இந்நேரம் சட்டை மாற்றிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கலாம், இல்லை, வர்ஷா அவர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள், எங்கப்பா ரிடயர் ஆனப்புறம் வீட்டுலயே பை செய்யறார், பிரமாதமா இருக்கும் என்று, அதற்கு அந்த அம்மா தொலைபேசியில், அப்படியா, துணிப்பையா, எனக்கு ஜிப் வச்சது ஒண்ணு வேணுமே என்றாராம், வர்ஷா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போய், இல்ல ஆன்ட்டி, சாப்பிடுற பை என்று விளக்கியிருக்கிறாள், அதற்கு மேல் அதைச் செய்யாமல் இருக்க முடியுமா, மோகனாவுக்கு மட்டும் இன்றுவரை அது பை இல்லை, கறிபஃபை எடுத்துக் கிண்ணத்துல உட்கார வச்சிருக்கீங்க, அவ்வளவுதான் என்பாள், கறிபஃப் எண்ணெயில் பொரிவது, பை ஓவனில் வேவது, கறிபஃபின் ஓரத்தை முறுக்க வேண்டும், பைக்கு மூடி போட வேண்டும், முப்பத்து மூன்று வருஷமாகக் கூட இருப்பவளுக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை, போகட்டும், இப்போது அது இல்லை பிரச்சினை. பிரச்சினை ரத்னவேலும் மங்களமும் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார்கள், அதற்காகவே மேல்மாவுக்கு முட்டை பூசாமல் பால் பூசினோம், அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தோம், அகிலன் மட்டும் வெளியில் எல்லாம் சாப்பிடுவானாம், அவனுக்காகவும் நமக்காகவும் ஏழு ஆட்டிறைச்சிப் பை, அவர்களுக்காக ஏழு காய்கறிப் பை, ஏழும் ஏழும் பதினான்கு, பதினான்கும் இப்போது ஒரே தாய் வயிற்றில் பிறந்த மாதிரி.

எல்லாவற்றுக்கும் காரணம் அக்கறைதான், அதை யாரிடம் சொல்ல, மேல்தட்டில் இறைச்சி, கீழ்த்தட்டில் காய்கறி என்று ஒழுங்காகத்தான் ஓவனுக்குள் போயின, அப்படியே விட்டிருந்தால் கீறலே தேவைப்பட்டிருக்காது, ஆனால் பதினைந்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தால் மேலே இருப்பவை சிவந்துவிட்டன, கீழே இருப்பவை வெளுத்துக் கிடக்கின்றன, மேல்தட்டிலும் மூலையில் இருந்தவை அதிகமாகச் சிவந்திருந்தன, நடுவில் இருந்தவை பாவமாக இருந்தன, முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டிய மனுஷனுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, முன்னால் கூட்டமாக இருந்தால் பின்னால் நகரச் சொல்ல வேண்டும், மாடியில் இடம் இருந்தால் ஏறச் சொல்ல வேண்டும், அப்படித்தான் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அலுமினியக் கிண்ணமாக எடுத்து மேலே உள்ளதைக் கீழே, கீழே உள்ளதை மேலே, ஓரத்தில் உள்ளதை நடுவே, மனசுக்குள் ரொம்பத் திருப்தியாக, பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஒருமுறை, கீறல்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில்... அந்தத் தைரியம் எங்கே போனது இப்போது. தராசில் வைத்துப் பார்க்கலாமா, இறைச்சி கனமாகத்தானே இருக்கும், கோவிந்தராசு சின்னத் தராசை எடுத்து ஒன்றை வைத்தார், இன்னொன்றை வைத்தார், மூன்றாவதை வைத்தபோதுதான் நினைவுக்கு வந்தது, எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எண்பது கிராம் நிறுத்துப் போட்டது, கூடவும் இல்லை குறையவும் இல்லை, இந்த வீட்டில் இவ்வளவு ஒழுங்கு வேறு யாருக்கு உண்டு, ஒழுங்கே ஆளைக் கொல்கிறது.

முகர்ந்து பார்க்கலாம் என்றால், அதற்கு மூக்கு வேண்டும், ஊரெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் நமக்கும் வந்து போனதிலிருந்து மூக்கு பாதிதான் திரும்பி வந்தது, டீசலும் டுரியான் பழமும் தெரியும், வேறெதுவும் சரியாகத் தெரியாது, மல்லிகைப் பூவை முகத்தருகே கொண்டுவந்தால்கூட ஏதோ ஈரமான காகிதம் மாதிரி இருக்கும், ஆனாலும் குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார், சூடு ஏறித் தும்மல் வந்தது, நல்லவேளை தட்டின் மேல் இல்லை. சரி, ஒரு பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தால்... இறைச்சியில் விட்ட குச்சியைக் காய்கறியில் விட்டால் அதுவும் தீட்டாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் புதுக் குச்சி என்றால் பதினான்கு குச்சி, குச்சியில் ஒட்டிக்கொண்டு வருவதோ மசாலா, மசாலா இரண்டிலும் ஒன்றே, எதிர்வீட்டு சம்சுன்னிசா அரைத்துக் கொடுத்தது, இரண்டிலும் உருளைக்கிழங்கு, இரண்டிலும் பட்டாணி, இறைச்சியையும் சிறிதாகக் கொத்தி வாங்கியிருந்தோம், தேக்கா ஈரச்சந்தையில் அப்துல் காதர் கடையில், எவ்வளவு பொடியா கொத்தணும்ணே என்று அவர் கேட்டபோது, பல்லுல தெரியவே கூடாது பாய் என்று நாம்தான் சொன்னோம், தெரியவில்லை, பல்லிலும் தெரியாது, குச்சியிலும் தெரியாது. அப்படியானால் ஒன்றை உடைத்துப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. தெளிவாக ஒற்றைக் கீறலோடு இருந்த ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார், கேரட், பட்டாணி, கோசு, அப்பாடா, சிஸ்டம் வேலை செய்கிறது, ஒற்றைக் கீறல் காய்கறிதான், நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டவர் அதோடு நிறுத்தியிருக்கலாம், எதற்கும் இருக்கட்டும் என்று ஒற்றைக் கீறல் உள்ள இன்னொன்றையும் உடைத்தார். ஆட்டிறைச்சி. கொழுப்பு மினுமினுக்க, பொடிப்பொடியாக, மிக நன்றாக வெந்த ஆட்டிறைச்சி.

இப்போது பன்னிரண்டு, ஆறும் ஆறும், எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துபோகும், ஆனால் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு உடைத்த பையையா தட்டில் வைப்பது, அதுவும் எங்கப்பா பிரமாதமா செய்வார் என்று மகள் சொன்ன பிறகு, அதைவிட மோகனாவிடம் என்ன சொல்வது, அதுதான் உண்மையான கவலை, இரண்டு மாதமாகவே அவள் பார்வை சரியில்லை, பணப்பை குளிர்சாதனப் பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது ஒருநாள், இன்னொரு நாள் எட்டாவது மாடிக்குப் பதில் ஒன்பதாவது மாடியில் இறங்கி, யார் வீட்டுக் கதவிலோ சாவியைப் போட்டுத் திருகி, அந்த வீட்டுச் சீனத்துப் பாட்டி உள்ளேயிருந்து அலறி... யாருக்கும் நடப்பதுதானே, ஈசூன் அடுக்குமாடியில் எல்லா மாடியும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, ஆனால் மோகனா வியாழக்கிழமைக்கு பாலிகிளினிக்கில் ஞாபகசக்திப் பரிசோதனைக்குப் பதிந்துவிட்டாள், சும்மா ஒரு செக்கப்தாங்க என்றாள், சும்மா என்று அவள் சொன்ன விதத்தில்தான் பயம், இப்போது இந்தப் பையும் சேர்ந்தால், எது கறி எது காய்னு மறந்துட்டாரு டாக்டர் என்று அவள் சொல்வது காதில் கேட்கிறது, மறக்கவில்லை டாக்டர், அதிகமாகக் கவனித்துவிட்டேன், அதற்கு ஏதாவது பரிசோதனை இருக்கிறதா... முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட விட்டதில்லையே இந்த மண்டை, எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவர் ஏறுவார், எவர் அட்டையைத் தேடிக்கொண்டே கடைசிவரை வருவார் என்பதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறதே. அல்லது அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதா?

தட்டோடு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். சம்சுன்னிசா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார், ஓவனில் பை செய்ய முதலில் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், அவருடைய மூக்கு நல்ல மூக்கு, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யார் வீட்டில் என்ன மீன் என்று இங்கிருந்தே சொல்வார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைக் கும்பிடலாம், தட்டை வாங்கி ஒவ்வொன்றாக முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம்.

"அண்ணே, எல்லாத்துலயும் என் மசாலா வாசம்தான் வருது."

"கொஞ்சம் நல்லா பாரும்மா."

"நல்லாதாண்ணே பாத்தேன். நான் அரைச்ச மசாலா அப்படிலா. வேற எதையும் மேல வர விடாது." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. பிறகு மனமிரங்கி, "பேசாம உண்மைய சொல்லிடுங்கண்ணே. நம்பி வர்றவங்க. தெரியாம வாயில போட்டுட்டா பாவம்" என்றார். அது தெரியாமலா இருக்கிறது, மோகனா வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம், அவள் பூ வாங்க வர்ஷாவோடு தேக்கா போயிருக்கிறாள், வந்துவிடுவாள், அவள் திட்டட்டும், பிஸ்கட் வைத்துச் சமாளிப்போம், என்று ஒரு முடிவுக்கு வந்து, தட்டை வீட்டுக்குள் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, பெரிய கண்ணாடித் தட்டில் பன்னிரண்டையும் அடுக்கி, எதற்கு அடுக்கினோம் என்று யோசிக்கும்போதே மின்தூக்கி நிற்கிற சத்தம், பேச்சுக் குரல்கள், ஒன்றல்ல இரண்டல்ல, ஐந்து பேருடைய குரல்கள். கீழே மின்தூக்கி அருகிலேயே எல்லாரும் சந்தித்துக்கொண்டார்களாம். மணி மூன்று நாற்பதுதான், தெம்பனிஸ்காரர்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள், இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்கள் தாமதமாகத்தானே வர வேண்டும், எந்த ஊர் வழக்கம் இது...

ரத்னவேல் உயரமாக, நெற்றி நிறையத் திருநீறோடு, பேசுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் உள்ளே ஒருமுறை ஒத்திகை பார்க்கிறவர் மாதிரி இருந்தார், மங்களம் குட்டையாக, உருண்டையாக, பெரிய தோல் கைப்பையோடு, உட்கார்ந்ததும் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துச் சிரித்தார், அகிலன் அங்கிள் என்று சொல்லிக் கைகுலுக்கினான், நல்ல பையன், கை சில்லென்றிருந்தது, அவனுக்கும் பயம்தான் போலிருக்கிறது. இங்க வாயேன், ஒரு நிமிஷம் என்று மோகனாவை அடுக்களைக்குக் கூப்பிட்டால், இருங்க, பூவைச் சாமிக்கு வச்சுட்டு வர்றேன் என்று போய்விட்டாள், திரும்பிப் பார்ப்பதற்குள் வர்ஷா தட்டைத் தூக்கிவிட்டாள், இந்தப் பெண்ணுக்கு எப்போதும் அவசரம், சின்ன வயதிலேயே பேருந்து நிற்பதற்குமுன் எழுந்து நிற்பாள்.

"ஆன்ட்டி, ஒரு கட் இருந்தா வெஜிடபிள், ரெண்டு கட் இருந்தா மட்டன். எங்கப்பாவோட சிஸ்டம். இதோ இது வெஜிடபிள், தாராளமா சாப்பிடுங்க."

மங்களம் கை நீட்டி அதை எடுத்தார், எடுத்துக் கிண்ணத்திலிருந்து மெதுவாகக் கழற்றினார், மாவு உதிராமல் மடியில் கைக்குட்டையை விரித்தார், எவ்வளவு நேரம் இருந்தது அதற்குள் வாயைத் திறந்து சொல்ல, ஆனால் வாய் திறக்கவில்லை, பெண்ணின் வாழ்க்கை, வியாழக்கிழமை, சுத்த சைவம், எண்பது கிராம், எல்லாம் ஒரே கதவில் முண்டியடித்துக்கொண்டு, பை அவர் உதட்டருகே போனபோதுதான் உள்ளேயிருந்து வேறு யாரோ கத்துவது போல,

"நிறுத்துங்க!"

முன்னால் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே புகுந்துவிட்டால் பிரேக்கை மிதிக்கிறபோது வருகிற அதே குரல். வீடே முன்னால் ஒருமுறை சாய்ந்து பின்னால் வந்தது. மோகனா கையில் பூவோடு சாமி அறையிலிருந்து ஓடிவந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, மேல்தட்டு, கீழ்த்தட்டு, மாற்றி வைத்தது, உப்பியது, தராசு, எதிர்வீட்டு மசாலா, நின்றுகொண்டே, இடது கையில் மிச்சமிருந்த கையுறையைக்கூடக் கழற்றாமல், கடைசியில், எது எதுன்னு எனக்கு இப்போ தெரியலைங்க, மன்னிச்சுக்கணும் என்றார். மோகனா அவரையே பார்த்தாள், கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம், அவள் பார்வை கோபமில்லை, வியாழக்கிழமை. ரத்னவேல் தொண்டையைச் செருமினார், "எங்க வீட்டுல நாங்க முப்பது வருஷமா..." என்று ஆரம்பித்து அடுத்த சொல்லுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், வர்ஷாவின் முகம் சிவந்துவிட்டது, அவ்வளவுதான், மூன்று வருஷக் காதல் ஒரு பையில் போயிற்று என்று கோவிந்தராசு நினைத்தபோது, மங்களம் கையில் இருந்ததை நிதானமாகத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"அந்தத் தட்டை இப்படி நகர்த்தும்மா."

வர்ஷா நகர்த்தினாள். மங்களம் குனியக்கூட இல்லை, முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார், அவ்வளவுதான், ஒரு விரலால் தொடங்கினார். "இது காய். இது காய். இது மட்டன். இதுவும் மட்டன்... இது காய், நான் எடுத்தது மட்டன், நல்லவேளை சொன்னீங்க." மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிற வேகத்தில் அவர் கை போனது, வலது பக்கம் ஆறு, இடது பக்கம் ஆறு, ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லை, அந்த நாலு கீறல்காரனிடம் மட்டும் ஒரு விநாடி நின்று, "கொழுப்பு ஜாஸ்தி இதுல" என்று இடது பக்கம் தள்ளினார். அகிலன் சந்தேகத்தோடு இடது பக்கத்தில் ஒன்றை உடைத்தான், ஆட்டிறைச்சி, வலது பக்கத்தில் ஒன்றை வர்ஷா உடைத்தாள், காய்கறி, பிறகு நாகரிகமெல்லாம் போய் ஆளாளுக்கு உடைத்துப் பார்த்தார்கள், மோகனாகூட, ஒன்றும் தப்பவில்லை, ஒவ்வொரு முறையும் வர்ஷா கைதட்டினாள், அந்த அலுமினியக் கிண்ணங்கள் நடுவே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ரத்னவேல் மட்டும் தலையை அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் பார்க்க ஒன்றும் இல்லை, போனவாரம்தான் துடைத்தது.

"அம்மா, உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" அகிலன்தான் கேட்டான்.

"மூக்குக்கு என்னப்பா விரதம்" என்றார் மங்களம், காய்கறிப் பையைக் கடித்துக்கொண்டே. இரண்டு சாப்பிட்டார், மூடி மாவு இவ்வளவு மெலிசா எப்படி வருது என்று கேட்டார், ஐஸ் தண்ணி ஊத்திப் பிசையணும், கைச்சூடு படக் கூடாது என்று கோவிந்தராசு சொல்ல, அவர் உண்மையாகவே கேட்டுக்கொண்டார், கல்யாணத்தைத் தைமாதம் வைக்கலாமா, மாசியில் வைக்கலாமா என்று பேச்சு தானாக அந்தப் பக்கம் போய்விட்டது, ரத்னவேல் ஒத்திகை இல்லாமலே இரண்டு வாக்கியம் பேசினார், பையை வைத்துக் கல்யாணம் நிற்குமென்று பயந்தோமே, அதை வைத்துத்தான் வேகமாக முடிந்தது போலிருக்கிறது... மோகனா கோவிந்தராசு பக்கத்தில் வந்து அந்தக் கையுறையைக் கழற்றிவிட்டு, யாருக்கும் கேட்காமல், முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல என்றாள், வியாழக்கிழமை இருக்கிறதா இல்லையா என்று அவளிடம் கேட்கவேண்டும், கேட்டால் நினைவுபடுத்தியது போலாகிவிடும்.

காலித் தட்டுகளை அடுக்களைக்குக் கொண்டுபோனபோது மங்களமும் பின்னாலேயே ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தார், எதுக்குங்க நீங்க, வைங்க என்றால், இருக்கட்டும்ணே என்று கழுவும் தொட்டியில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. மிச்சப் பைகளை எடுத்து மூடி வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்தார்.

"மட்டன்ல மூணு மிச்சம் இருக்குல்ல அண்ணே? அகிலனுக்குக் கட்டிக் குடுங்களேன். நைட் பசிக்கும்பான்." கட்ட ஆரம்பித்ததும், "அது வேணாம், ஓரம் கருகியிருக்கு, அந்த நாலு கீறல் இருந்துச்சே, ஆறிடுச்சுன்னா அதுதான் நல்லாருக்கும்" என்றார். கோவிந்தராசு அலுமினியத் தாளில் சுற்றி, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்க, அவர் அதைத் தன் தோல் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். தாய் மனசு, அவ்வளவு சைவமாக இருந்தும் பிள்ளைக்காகத் தன் பையிலேயே சுமந்து போகிறாரே என்று கோவிந்தராசுவுக்குக் கண்கூட லேசாகக் கலங்கியது.

மின்தூக்கி வரை போய் வழியனுப்பினார்கள். பொத்தானை அழுத்தியபடியே அகிலன், "அங்கிள், நான் கிளம்புறேன், அப்படியே உட்லண்ட்ஸ் போறேன். ஃப்ரெண்ட்ஸோட பாலம் தாண்டி ஜேபி போறோம், நாளைக்கு நைட்தான் வீட்டுக்கு வருவேன்" என்றான். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கும் காலையிலேயே தெரியும் என்றான். காலையிலேயே தெரியுமா... கோவிந்தராசு மங்களத்தைப் பார்த்தார், அவர் மேலே எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆறு, ஏழு, எட்டு. கதவு திறந்தது, மூவரும் உள்ளே போனார்கள், ரத்னவேல் வலது பக்கம் நின்று கைகூப்பினார், மங்களம் வலது தோளில் இருந்த கைப்பையைக் கழற்றி இடது தோளில் மாட்டிக்கொண்டு, வர்றோம்ணே என்று சிரித்தார், கதவு மூடிக்கொண்டது. நாளை இரவு வரைக்கும் அது தாங்காதே, எம்ஆர்டி ரயிலில் வைத்துச் சாப்பிட முடியாது, ஐநூறு வெள்ளி அபராதம் என்று எழுதிப் போட்டிருக்கிறான், அப்படியானால் வீட்டில்தான், ரத்னவேல் சாயங்காலம் நடக்கப் போவாரோ, எத்தனை மணிக்குப் போவார், எவ்வளவு நேரம் நடப்பார், எத்தனை வருஷமாக, அந்த மின்விசிறியை அவர் பார்த்த பார்வை... தெரியுமோ அவருக்கும்? "என்னங்க, தனியா சிரிக்கிறீங்க" என்று மோகனா கேட்டாள், பாலிகிளினிக் பயம் அவள் குரலில் இன்னும் கொஞ்சம் இருந்தது, உடனே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், சொன்னால் மூளை எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று அவளே ஒப்புக்கொள்வாள், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல" என்றார் கோவிந்தராசு, மின்தூக்கி கீழே இறங்குகிற எண்களைப் பார்த்தபடி, ஐந்து, நாலு, மூன்று, "என்ன நினைச்சேன்னு மறந்துட்டேன்."